வேகத்தைக் குறை என்றது ஒரு காலம்

ஓட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது 1906 அக்டோபரில். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், 26 வருஷம் உலோகம் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் சக பொறியாளர்கள் முன் வைத்தார். மெஷின்காரனுக்கு வருகிற சிக்கல்களிலேயே பிடி கொடுக்காதது டூல் அதிர்வுதான் என்பது அவர் கணிப்பு. இரண்டு சம்பவங்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் கப்பலானாலும் உப்பளப் பம்பானாலும் ஷாஃப்டில் கீவே வெட்டாமல் ஓடாது. வெட்டினால் டூல் அதிரத்தான் செய்யும்.

நம் பட்டறைகளில் நெடுங்காலம் மில்லிங் என்றாலே எச்.எம்.டி. கம்பெனி மெஷின்தான். கனத்த வார்ப்பிரும்பு, அதிர்வைத் தானே கொஞ்சம் விழுங்கிவிடும். ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டர், கியர்பாக்ஸில் எண்ணிச் சொல்லக்கூடிய சில வேகங்கள். 12 மில்லிமீட்டர் எண்ட் மில்லை மைல்டு ஸ்டீலில் நிமிஷத்துக்கு 650 சுற்றுக்கு மேல் ஓட்டினால் முனை எரிந்துவிடும். கட்டர் கத்த ஆரம்பித்ததும் பட்டறை அண்ணாச்சி தலையைத் திருப்பாமலே, “ஸ்பீடைக் கொறைடே” என்பார். சத்தம் அடங்கும். பையன்களும் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி சொன்னது அந்த மெஷினுக்குச் சரி. வேகம் குறைந்தால் பல்லின் பின்பக்கம் வெட்டிய பரப்பில் உரசி, அதிர்வை அமுக்கும். ஏன் அதிர்கிறது என்பதற்கு விளக்கம் 1950களில்தான் வந்தது. இங்கிலாந்தில் டொபயாஸ், அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் டிலுஸ்டி என்ற ஆய்வாளர்கள் சொன்னது இது. ஒரு பல் விட்டுப்போன அலையின் மேல் அடுத்த பல் ஏறுகிறது. வெட்டி வருகிற சிப் ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் வர, டூல் மேலும் குதிக்கிறது. மழைக்குப் பிந்தின கரிசல் ரோட்டில் முன்போன வண்டி விட்ட மேடுபள்ளத்தை அடுத்த வண்டி பெரிதாக்குவது போலத்தான். இரண்டு அலையும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடினால் சிப் ஒரே தடிமனாக வரும், குதிப்பும் அடங்கும்.

அப்படிப் பொருத்த வேண்டுமென்றால் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடிய வேண்டும். அது சி.என்.சி.யும் கார்பைடும் வந்தபிறகுதான் கைகூடியது. இன்று அதே 12 மில்லிமீட்டர் கட்டர் ஸ்டீலில் 4,000 சுற்றில் ஓடுகிறது. செல்போனை மெஷின் பக்கத்தில் வைத்துச் சத்தத்தின் அதிர்வெண்ணைப் பார்க்கலாம். 800 ஹெர்ட்ஸ் காட்டுகிறது, கட்டருக்கு 4 பல் என்று வையுங்கள். 800-ஐ 60-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 12,000. அதை 2, 3, 4 என வகுத்தால் 6,000, 4,000, 3,000. இந்த வேகங்களை ஒட்டித்தான் ஆழமாக வெட்டினாலும் டூல் அமைதியாக இருக்கும். 3,500-ல் கத்துகிற கட்டரை 4,000-க்கு ஏற்றினால் அடங்கலாம். பழைய வேதத்துக்கு நேர் எதிர்! பல் இடைவெளியைச் சமமில்லாமல் வைத்த கட்டர்களும் வந்துவிட்டன. அலைகள் ஒரே தாளத்தில் சேரவே விடாது.

மாறாதது ஒன்று உண்டு. ஹோல்டரிலிருந்து டூல் வெளியே நீட்டும் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். இதை எச்.எம்.டி. காலத்து ஆளும் கையனுபவத்தில் அறிந்திருந்தார். லட்சக்கணக்கில் போட்டு மெஷின் வாங்கிவிட்டு டூலை நீளமாகப் பிடித்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நம் பக்கத்துச் சில்லாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தாயிற்று. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் புதிய தொழில்நுட்பக் கூடங்கள் வந்திருக்கின்றன. அங்கே படிக்கப்போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: கட்டர் கத்தினால் முதலில் டூலைக் குட்டையாகப் பிடியுங்கள், ஜாப்பை இறுக்கிக் கட்டுங்கள். அதற்குப் பிறகும் கத்தினால், கட்டர் கம்பெனி கொடுத்த வரம்புக்குள் வேகத்தை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.