கட்டைவிரல் அடியில் வீக்கமா? சுளுக்கு என்று நீவி விடாதீர்கள்!

‘கிணற்று டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஹேண்டில் திருப்பி அடித்துவிட்டது. கட்டைவிரல் அடியில் வீக்கம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். பத்து நாளாகியும் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் பதில்: நாளைக்கே எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள். காரணம் கீழே.

மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரல் எலும்பு உட்கார்ந்திருக்கும் மூட்டு குதிரைச் சேணம் போன்ற வடிவம் கொண்டது. அதனால்தான் கட்டைவிரல் எல்லாப் பக்கமும் வளைகிறது. மற்ற நான்கு விரல்களுக்கும் எதிரே வந்து நிற்கிறது. கை செய்யும் வேலையில் ஏறக்குறைய பாதி கட்டைவிரலை நம்பித்தான். பால் கறப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எலும்பு முறிவது அடிக்கடி நடப்பதில்லை. முறிந்தால் அது சாதாரண முறிவாகவும் இருப்பதில்லை. டப்ளின் நகர மருத்துவர் பென்னட் 1882-ல் விவரித்த முறிவு இங்கேதான் வருகிறது. எலும்பின் அடிப்பகுதியில் உள்பக்கம் ஒரு சிறு துண்டு உடையும். அந்தத் துண்டைத் தசைநார் இழுத்துப் பிடித்திருப்பதால் அது இருந்த இடத்திலேயே நிற்கும். மீதி எலும்பு முழுவதையும் முன்கையிலிருந்து வரும் நாண் மணிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கையால் இழுத்தால் சேரும். விட்டால் மறுபடி நழுவும். நாட்டுக் கட்டோ, வெறும் மாவுக்கட்டோ பல நேரங்களில் இதைப் பிடித்து நிறுத்தாமல் போவது இதனால்தான். மெல்லிய கம்பி செருகி, அதன்மேல் மாவுக்கட்டு போடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் கம்பியை எடுத்துவிடலாம்.

அடிப்பகுதி மூன்று, நான்கு துண்டாக நொறுங்கினால் வேலை இன்னும் கடினம். இத்தாலி மருத்துவர் ரொலாண்டோ 1910-ல் எழுதிய வகை இது. எலும்பு உடையாமல் மூட்டு மட்டும் பிசகுவது இன்னும் அரிது. அது தானாகவே உள்ளே போய்விடுவதும் உண்டு. எக்ஸ்-ரேயில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், பிடிதான் நிற்காது.

இன்னொரு சங்கதி. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து எடுக்கும் படத்தில் கட்டைவிரல் சாய்ந்து விழும். ‘கட்டைவிரலுக்கென்று தனியாக எடுங்கள்’ என்று கேட்பதில் தப்பில்லை. அதிலும் தெளிவாகாவிட்டால் சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள்.

அடிபட்டதும் மோதிரம், காப்பு, கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. துணியில் பொதிந்த ஐஸ் வைக்கலாம். துண்டில் தூளி கட்டிக் கையை நெஞ்சோடு உயர்த்தி வைக்கலாம். சூட்டு ஒத்தடம், நீவல் இரண்டும் வேண்டாம். சாவி திருப்ப முடியாத வலி, மணிக்கட்டு ஓரம் புதிதாக ஒரு புடைப்பு இருந்தால் முறிவாக இருக்கலாம். இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போனால் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கிவிடும். பிற்காலத்தில் அந்த மூட்டு தேய்ந்து, வலி ஒட்டிக்கொள்ளும். இந்த வாசகருக்குப் பத்து நாள்தான் ஆகிறது. இன்னும் நேரம் இருக்கிறது.

இன்ஜின் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மறுபக்கம் மடக்காமல், நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். திருப்பி அடித்தாலும் கை கழன்று வந்துவிடும். பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் இப்படித்தான் பிடிப்பார்கள். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் கூடாது. மாடு மிரண்டு ஓடினால் முதலில் போவது கட்டைவிரல்தான்.

‘கம்பி எடுத்ததும் பவர் டில்லர் ஓட்டலாமா?’ என்றும் அவர் கேட்டிருக்கிறார். முதலில் விரல் பயிற்சி. பிறகு சின்னச் சின்ன வேலை. டில்லர், மண்வெட்டி போன்றவற்றுக்குப் பொதுவாக மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் மருத்துவர் படம் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இந்தப் போக உழவுக்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.