கடைசி மெய்யைக் கழித்துவிட்டு நிறுத்துப் பாருங்கள்

'டெவலப்' என்ற சொல்லை நாம் முதல் அசையிலேயே ஓங்கி அடிக்கிறோம். லண்டன்காரர் நடுவில் வரும் 'வெ'யில் அடிக்கிறார். சரி, அதே ஆள் 'எடிட்' என்னும்போது ஏன் முதலில் அழுத்துகிறார், 'கொலாப்ஸ்' என்னும்போது ஏன் கடைசியில்?

மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ஆனால் இதற்குள் ஒரு தராசு இருக்கிறது. மொழியியலாளர்கள் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968-ல் எழுதிய தடித்த புத்தகம் ஒன்று ஆங்கில அழுத்தத்துக்கு விதி வகுத்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் செதுக்கினார்கள்.

வினைச்சொல்லை எடுத்து அதன் கடைசி மெய்யைக் கழியுங்கள். 'எடிட்'டில் மிஞ்சும் கடைசி அசை 'டி'. வெறும் குறில், எடையில்லை. அழுத்தம் ஓரடி பின்வாங்கி 'எ'யில் உட்காருகிறது. 'டெவலப்'பிலும் இதே கதைதான். 'கொலாப்ஸ்'ஸில் 'ஸ்' போனாலும் 'ப்' நிற்கிறது. அசை கனமாகிவிட்டது, அழுத்தம் அங்கேயே விழுகிறது. நெடில் இருந்தாலும் கனம்தான்: 'மெயின்டெயின்'. நம் இலக்கணத்தில் நெடிலுக்கு 2 மாத்திரை, மெய்க்கு அரைதான். ஆங்கிலத் தராசிலோ குறிலோடு ஒரு மெய் சேர்ந்தாலே நெடிலுக்குச் சமம்!

பெயர்ச்சொல் என்றால் கழிவு இன்னும் தாராளம். கடைசி அசையே கணக்கில் இல்லை. அதற்கு முந்தையது கனமென்றால் அழுத்தம் அதற்கு: 'அஜெண்டா'வில் 'ஜென்', 'வெராண்டா'வில் 'ரான்'. லேசானதென்றால் இன்னும் ஓரடி பின்னே: 'அமெரிக்கா'வில் 'மெ', 'சினிமா'வில் 'சி'. (எழுத்தில் நாம் போடும் 'க்' அவர்கள் வாயில் இல்லை.) உண்மையில் இது லத்தீன் விதி. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. கூடவே இந்தத் தராசும் வந்தது. பெயருக்கு ஒரு கழிவு, வினைக்கு ஒரு கழிவு என்பதால்தான் 'புரொடெஸ்ட்' பெயராக வந்தால் முதலில் அழுத்தம், வினையாக வந்தால் கடைசியில்.

ஆனால் இந்த விதிக்கு 'வெனிலா' அடங்காது. லேசான 'னி'யில் அழுத்தம் விழுகிறது. ஆங்கில எழுத்தில் இரண்டு 'ல்' இருக்கிறதே, மனத்துக்குள்ளும் இரண்டுதான், அதனால் அசை கனம் என்று சாம்ஸ்கியும் ஹாலேயும் சமாளித்தார்கள். எனக்கு அது கொஞ்சம் கைச்சரக்காகவே படுகிறது.

'ஹோட்டல்' இன்னொரு முரண்டு. பிரெஞ்சுப் பழக்கத்தில் ஆங்கிலேயர் 'டெல்'லில் அழுத்துகிறார்கள். பெயர்ச்சொல்லாயிற்றே, கடைசி அசையைக் கழித்தால் மிஞ்சுவது 'ஹோ'தானே? விதிப்படி பார்த்தால், தெருமுனையில் நாம் சொல்கிற ஓட்டல்தான் சரி.