டெட்லைனும் ரோபோவும்

ஃபைனல் இயர் வந்தாச்சுன்னா நாம ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்ற வார்த்தை 'டெட்லைன்'. செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, ஹாஸ்டல்ல உட்கார்ந்து பிபிடி பண்ணிட்டிருந்தப்போ, "கடைசி தேதிதானே, இதுல எதுக்குடா 'டெட்'?"ன்னு ரூம்மேட் கேட்டான். வேலையை அப்படியே போட்டுட்டு அதைத் தேடப் போயிட்டேன். (பிபிடி விடியக்காலையில்தான் முடிந்தது.)

அந்த 'டெட்' சும்மா வரல. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம், 1864-ல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் தென் மாநிலப் படை ஒரு சிறை முகாமைத் திறந்தது. பிடிபட்ட வட மாநில வீரர்களை அங்கே அடைத்தார்கள். சுற்றிலும் உயரமான மரச்சுவர். அந்தச் சுவரிலிருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, குச்சிகளை நட்டு மேலே மரச்சட்டம் அடித்த ஒரு சின்ன வேலி. யார் வேணும்னாலும் தாண்டிடலாம், அவ்வளவு சின்னது. ஆனா தாண்டினால் காவல் மேடையில் நிற்பவன் சுட்டுவிடுவான். அந்த வேலிக்குப் பெயர்தான் 'டெட் லைன்'.

முகாமுக்குள்ளே ஓடிய ஓடைதான் குடிக்கவும் குளிக்கவும். கழிவும் அதிலேயேதான். ஓடை உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் சுத்தமா இருக்கும்னு, வேலிக்கு அடியில் கையை நீட்டி மொள்ளப் போய் குண்டடி பட்டவர்களும் உண்டு. சுமார் 14 மாதத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 45,000 பேர். செத்தவர்கள் கிட்டத்தட்ட 13,000 பேர். பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். முகாமின் தளபதி ஹென்றி விர்ஸ் விசாரிக்கப்பட்டு 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர்மேல் சொன்ன குற்றச்சாட்டுகளில் இந்த வேலியும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களில் இந்தச் சொல் நேரத்துக்கு மாறியது. இத்தனை மணிக்குள் செய்தி வரலைன்னா பேப்பரில் இடமில்லை. அங்கிருந்து நம்ம கைடு வாட்ஸப் வரைக்கும் வந்தாச்சு.

அடுத்தது 'ரோபோ'. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனா இதுல எனக்கு ஒரு பழைய கடன் இருக்கு. செகண்ட் இயர் சிம்போசியத்தில் இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஐசக் அசிமோவ்னு மேடையில் அடிச்சு விட்டேன். ஜட்ஜ் "ஆர் யூ ஷ்யூர்?" என்றார். "யெஸ் சார்" என்றேன்.

உண்மையில் அது செக் மொழிச் சொல். காரல் சாப்பெக் எழுதி 1920-ல் வெளியான 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில், தொழிற்சாலையில் செய்யப்படும் செயற்கைத் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு லத்தீனிலிருந்து 'லாபோரி' என்று பெயர் வைக்க நினைத்தார், அவருக்கே பிடிக்கவில்லை. ஓவியரான அண்ணன் யோசஃபிடம் போய்க் கேட்டார். அண்ணன் வாயில் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டே 'ரோபோட்'னு வைன்னு சொல்லிட்டு படத்தைத் தொடர்ந்தாராம். 'ரோபோட்டா' என்றால் செக் மொழியில் கட்டாய வேலை. பண்ணையார் நிலத்தில் குடியானவன் கூலியில்லாமல் உழைத்துத் தர வேண்டிய நாட்கள். ஆஸ்திரியப் பேரரசில் அந்த முறை 1848-ல்தான் ஒழிந்தது.

இன்னொரு விஷயம், அந்த நாடகத்து ரோபோக்களுக்கு நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. ரசாயனக் கலவையில் செய்த சதைதான். பார்க்க நம்மள மாதிரியே இருக்கும்.

அசிமோவ் தந்தது 'ரோபாட்டிக்ஸ்' என்ற சொல், 1941-ல் ஒரு சிறுகதையில். அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்லுன்னு நினைச்சுத்தான் அவர் எழுதினாராம். அந்த ஜட்ஜ் இதைப் படிச்சா, ஸாரி சார்.