அப்பாவின் துப்பாக்கி இனி யாருடையது?

செமினி பட்டணத்தைத் தாண்டி புரோகா சாலையில் போனால் ஒரு பக்கம் புதுத் தாமான், மறுபக்கம் செம்பனை, அதற்கும் பின்னால் காடு. தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான் இன்று செத்தியா இக்கோஹில், இக்கோ மெஜெஸ்டிக் போன்ற வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. மனிதர்கள் குடிவந்த விஷயம் காட்டுப்பன்றிகளுக்குத் தெரியாது. பழைய தடத்திலேயே இரவில் வந்து, புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். மரவள்ளி, வாழை போட்டவர் பாடு இன்னும் மோசம். மறுநாள் காப்பிக்கடையில் பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "கையில ஒரு துப்பாக்கி இருந்தா..."

சிலரிடம் இருக்கத்தான் செய்கிறது. நடுவில் மடக்கித் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி. மலாயில் 'செனாப்பாங் பாத்தா'. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அதற்கு லைசென்ஸ் கொடுப்பவர் மாநில போலீஸ் தலைவர். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. துப்பாக்கி இருந்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டைக்கு பெர்ஹிலித்தானிடம் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒரு பன்றிக்கு இரண்டு அலுவலகம்!

செமினியில் நாய் வளர்க்க லைசென்ஸ் கொடுக்கும் காஜாங் நகராண்மைக் கழகத்துக்குத் துப்பாக்கி விவகாரத்தில் எந்த வேலையும் இல்லை. அது முழுக்க மத்திய அரசாங்கத்தின் சட்டம். அமெரிக்காவில் கதை வேறு. 1981இல் சிக்காகோ அருகே மோர்ட்டன் குரோவ் என்ற சிற்றூர், கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று தானே சட்டம் போட்டது. அதற்குப் பதிலடியாக அடுத்த ஆண்டே ஜார்ஜியாவின் கென்னசா நகரம், ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. அங்கே துப்பாக்கி உரிமை. உரிமையாளர்கள் வழக்குப் போடுவார்கள், ஊர்வலம் போவார்கள். இங்கே அது ஓராண்டுச் சலுகை. முணுமுணுத்துக்கொண்டே புதுப்பிப்பார்கள், அலைய முடியாத வயது வந்ததும் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவார்கள்.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பிறகு, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற நிலை வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி ரவாங் வட்டாரத்தில் துப்பாக்கியுடன் பிடிபட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் பலனில்லை. தோட்டத்துத் தமிழர்களின் நினைவில் 'துப்பாக்கி' என்ற சொல்லோடு அந்தத் தூக்குக் கயிறும் சேர்ந்தே இருக்கிறது. அவசரகாலம் முடிந்த 1960இல்தான் இப்போதைய ஆயுதச் சட்டமும் வந்தது.

இன்றைய தண்டனையும் லேசானதல்ல. 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனைகள்) சட்டத்தின் கீழ், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. இதில் மாட்டிக்கொள்பவர் கொள்ளைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லைசென்ஸ் ஆளுக்கானது, வீட்டுக்கானது அல்ல. அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தது, அப்பா போய்விட்டார், துப்பாக்கி அலமாரியிலேயே இருக்கிறது. எட்டாம் நாள் காரியம், பதினாறாம் நாள் காரியம், இறப்புச் சான்றிதழ், இபிஎஃப் பணம் என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறோம். அலமாரியில் இருப்பது நிலத்தையும் நகையையும் போல வாரிசுக்கு வரும் சொத்து என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படி வராது. மகனுக்கு வேண்டுமானால் அவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று இரவல். "இன்னிக்கு ராத்திரி மட்டும் கொடுங்கண்ணே, பன்றி வருது" என்று கேட்பார்கள். கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல். இரும்புக் குழாயை வைத்துக் கையால் செய்யும் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது சுடுபவர் முகத்திலேயே வெடிக்கக்கூடும்.

இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காற்றழுத்தத்தில் சுடும் ஏர்கன்னும் சட்டப்படி ஆயுதம்தான். நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் போலி ஆயுதத்துக்கு ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குமுன் யோசிக்கலாம்.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருப்பது சரி என்பதுதான் என் கட்சி. பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி நம் நாட்டில் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் தாமான் வந்துவிட்ட இடத்தில் இருட்டில் சுடுவதை நினைத்தாலே பதறுகிறது. 2024 ஏப்ரலில் கேஎல்ஐஏ வருகைக் கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, எந்தத் தளர்வையும் கேட்கும் மனநிலையில் ஊர் இல்லை. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு இது பதிலாகாது. துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், பன்றிக்கு வேலியோ பொறியோ யார் செலவில் என்றும் சொல்ல வேண்டும். பெர்ஹிலித்தானில் புகார் கொடுக்கலாம். ஆள் வரும்வரை குருத்து காத்திருக்காது.

உங்கள் வீட்டில் மறைந்தவரின் துப்பாக்கி இருந்தால், நீங்களே அதைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். லைசென்ஸ், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர்களே சொல்வார்கள். தோட்டாக்களையும் மறக்காமல் எண்ணி வையுங்கள்; அவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும்.