காதுக்குள்ளே இரைச்சல்: ராத்தூக்கம் கெடாமல் இருக்க வழி உண்டு



1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம ஆட்கள் உண்டு. பதுளை–செங்கலடி வீதியால் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கல்லடிப் பாலத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த வாவியில் மீன் பாடும் என்று சொல்வார்கள் அல்லவா? பௌர்ணமி இரவில், காற்றும் அலையும் அடங்கின நேரம், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். 1848இல் அங்கே போன எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, கண்ணாடிக் கிளாசின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வரும் மெல்லிய ஓசை போல இருந்தது என்று எழுதி வைத்தார். பாடுவது மீனா, சிப்பி வகையா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் பகல் சந்தடியில் அந்தச் சத்தம் காதில் விழாது.

காது இரைச்சலும் அப்படித்தான். பகலில் தெரியாது. ஊர் அடங்கினதும் கிளம்பும். ஒரே வித்தியாசம், வாவிச் சத்தத்தைத் தோணியில் இருக்கிற எல்லாரும் கேட்கலாம். இதைக் கேட்பது ஒருத்தர் மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் 20 வருஷத்துக்கு மேலே தொழிற்சாலையில் ரோதைப் பக்கம் வேலை செய்தவர். படுத்தவுடனே சில்வண்டு கத்துகிற மாதிரிச் சத்தம். "ஒரு சத்தமும் இல்லையே" என்று சம்சாரம் சொல்ல, செய்வினை என்று பயந்து நூல் கட்டினார்கள். தூக்கம் வர வேண்டும் என்று சாராயம் குடிக்கப் பழகினார். ஸ்டோர் வேலை போய்விடுமோ என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மெஷின் பெல்ட்டில் கை மாட்டப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. உள்காதில் நத்தை மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள்ளே மயிர் போன்ற நுண்ணிய உணர்வு முனைகள் உண்டு. பெரிய சத்தத்தாலும் வயதாலும் அவை பழுதாகும். தேயிலையைக் கவ்வாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும், இவை துளிர்க்காது. காதிலிருந்து செய்தி குறைந்தவுடன் மூளை தன் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஸ்டேஷன் சரியாக எடுபடாத ரேடியோவைக் கூட்டி வைத்தால் இரைகிறது பாருங்கள், அது மாதிரி.

காதில் அழுக்கு அடைப்பது, சீழ், கூடின பிரஷர், இரத்தச் சோகை, சில ஊசி மருந்துகள், அளவுக்கு மிஞ்சின அஸ்பிரின் ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். காதைத் தீக்குச்சி, ஊக்கு, கோழி இறகால் குடைய வேண்டாம், காய்ச்சின எண்ணெயும் ஊற்ற வேண்டாம்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்த சத்தம், தலைச்சுற்று, சீழ் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு வாங்கிப் போங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். நாள் கடந்தால் கேள்வியைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

இரைச்சலை முழுதாக நிறுத்தும் மாத்திரை இல்லை. ஆனால் தூக்கத்தை மீட்கலாம்:

1. முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள், காதையும் அடைக்காதீர்கள். ஓடைச் சத்தம், பேன், மிக மெதுவான ரேடியோ ஏதாவது இருக்கட்டும். அது இரைச்சலை மூழ்கடிக்கத் தேவையில்லை, துணைக்கு இருந்தால் போதும். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் தூங்குகிறார்கள், ஞாபகம் இருக்கட்டும்.

2. பின்னேரத்துக்குப் பிறகு சாயத்தண்ணி வேண்டாம். சாராயம் முதலில் தூங்க வைக்கும், நடுச்சாமத்தில் எழுப்பிவிடும்.

3. லீவு நாளிலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். பகலில் நீட்டி நிமிர்ந்து தூங்க வேண்டாம்.

4. 20 நிமிஷம் மாதிரித் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழும்பி உட்கார்ந்து, தூக்கம் வந்ததும் படுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

5. சத்தம் இன்றைக்குக் கூடியதா குறைந்ததா என்று காவல் இருக்காதீர்கள். பயம் குறையக் குறைய மூளை அதைக் கவனிக்காமல் விடப் பழகும்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களே! ஒரு கை நீட்டுகிற தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் காதுக்குக் கெடுதி. 85 டெசிபலுக்கு மேலே நாள் முழுக்க நிற்பது ஆபத்து. காதுக்கவசம் கேளுங்கள். பஞ்சு வைத்தால் போதாது.

வீட்டு ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது நிஜம். மனசு உடைந்து போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் பண்ணலாம்.

அந்த அண்ணனுக்குக் காதைச் சோதித்துப் பார்த்து, கேள்வி குறைந்திருக்கிறது என்றார்கள். வேலை போகவில்லை, கொழுந்து வாட்டுகிற பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். "சத்தம் இருக்குங்க ஐயா. ஆனா அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்குத் தூங்குறேன்" என்றார். நீங்களும் மறைக்காமல் வந்து சொல்லுங்கள்.