கதவு எண் 445



தலைநகரில் வந்து பயிலும் நம்மில் பலருக்கு இரண்டு கணிப்பொறிகள் உண்டு. ஒன்று அறையில், மற்றொன்று ஆய்வகத்தில். ஒன்றின் முன் அமர்ந்து மற்றொன்றின் கோப்பைத் திறக்க முயன்று, திறவாமல் தவிக்காதவர் யார்? அப்படித் தவித்து மீண்டவன் என்ற முறையில் சில சொல்ல விழைகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு. மந்திர் மார்க்கில், பிர்லா மந்திருக்கு அண்மையிலுள்ள என் மாடி அறையில் இருந்தேன். கோயில் மணியும் ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலை 10 மணிக்குள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் பேராசிரியரிடம் தந்தாக வேண்டும். ஆறு வாரம் அரும்பாடுபட்டு எடுத்த அளவீடுகளோ ஆய்வகக் கணிப்பொறியில்! ஆய்வகமோ பூட்டிக் கிடந்தது. இணைப்பை அழுத்தினேன், வரவில்லை. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் வரவில்லை. ஆத்திரம் மேலிட, என் கணிப்பொறியின் ஃபயர்வாலையே அணைத்துவிடத் துணிந்தேன். நல்லவேளை, அதற்குமுன் ஆய்வு மாணவரான மூத்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்ன எண் காட்டுகிறது, தம்பி?” என்றார்.

“எண்ணா? ஏதோ நீளமாக வருகிறது, அண்ணா. 35 என்று முடிகிறது.”

“அது பதினாறின் அடுக்கில் எழுதிய எண். மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, ஐந்தைக் கூட்டு. 53! போகும் பாதையே தெரியவில்லை என்று பொருள். ஃபயர்வாலைத் தொடாதே. ஒவ்வொரு படியாகப் பார்.”

தோழர்களே, தோல்விக்கும் ஓர் எண் உண்டு. நாம் எதுவரை சென்று நின்றோம் என்பதை அந்த எண் சொல்லும். அன்று நான் கற்ற பாடம் இதுவே.

விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஒரு கணிப்பொறியைப் பல கதவுகள் கொண்ட மாளிகையாகக் கருதினால், இம்முறைக்குரிய கதவின் எண் 445. அதை அடைந்து உள்ளே செல்ல ஐந்து படிகளைக் கடக்க வேண்டும்.

முதற்படி, பாதை. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் ஒரு வளாகத்துக்குள் வழங்கும் வீட்டு எண்கள் போன்றவை. வெளியூர்த் தபால்காரருக்கு அவை பயன்படா. வெளியிலிருந்து செல்ல வி.பி.என். என்னும் காப்புடைய தனிவழி வேண்டும். அது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாம் படி, பெயர். கணிப்பொறியின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தர ஒருவர் வேண்டும். வி.பி.என். வழியே செல்லும்போது அந்தப் பெயரேடு கிடைக்காமற் போவதுண்டு. பெயருக்குப் பதில் எண்ணையே இட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி, கதவு. ‘பிங்’ கட்டளைக்கு விடை வரவில்லை என்பதால் மட்டும் கணிப்பொறி இல்லை என்று முடிவு கட்டலாகாது. பல கணிப்பொறிகள் அதற்கு விடை தருவதில்லை. பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்னும் கட்டளையால் 445-ஐத் தட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

நான்காம் படி, ‘நீ யார்?’ என்ற கேள்வி. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறானால் 1326 வரும்.

ஐந்தாம் படி, உரிமை. உள்ளே வந்தும் 5 என்று வந்தால், உங்களை அறிந்துகொண்டார்கள், ஆனால் அனுமதி தரவில்லை என்று பொருள். பகிர்வுக்கு ஓர் அனுமதி, கோப்புக்கு ஓர் அனுமதி என இரண்டு உண்டு. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும்.

என் கதை என்னாயிற்று? வி.பி.என். இயங்கியது. பெயருக்குப் பதில் எண்ணை இட்டேன். 53 மறைந்து 1326 வந்தது! அதுவும் தோல்விதான், ஆனால் இரண்டு படி ஏறிய தோல்வி. என் அறைக் கணிப்பொறி, கேளாமலே அதன் பயனர் பெயரை அனுப்பியிருக்கிறது. ஆய்வகக் கணிப்பொறியின் பெயரை முன்னும், அங்கு எனக்குள்ள பயனர் பெயரைப் பின்னும் எழுதினேன். கோப்புகள் திறந்தன. விடியுமுன் இயலை முடித்தேன்.

ஃபயர்வாலை அணைத்திருந்தால்? வெளியே செல்லும் என் வழி அதனால் அடைபட்டிருக்கவில்லை. ஆகவே, அணைத்துப் பயனில்லை. என் வாயிலைத் திறந்து போட்ட கேடு ஒன்றே மிச்சம். அந்தக் கேட்டை உலகம் கண்டிருக்கிறது. 2017 மே 12 அன்று ‘வான்னக்ரை’ என்னும் தீய நிரல் இதே 445-ஆம் கதவு வழியே பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது! இன்றும் பல இணைய நிறுவனங்கள் 445-ஐ வெளியுலகுக்கு அடைத்து வைத்திருப்பது நம் நன்மைக்கே. ஆகவே, அக்கதவை இணையத்தை நோக்கித் திறக்க வேண்டாம், எஸ்.எம்.பி.யின் பழைய முதற்பதிப்பையும் உயிர்ப்பிக்க வேண்டாம்.

பொறுமை பயன் தருமா என்று ஐயுறுவோர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லை நினைக்கட்டும். நம்மைப்போல் அவரும் மாணவரே. கான்பெராவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, கணிப்பொறிகள் தமக்குள் பரிமாறும் செய்திகளை ஒவ்வொன்றாகக் கவனித்தே இந்தப் பகிர்வு முறையை அறிந்துகொண்டார். 1991-இல் அவர் தொடங்கிய அப்பணியே ‘சாம்பா’ என்ற இலவச மென்பொருளாக வளர்ந்து, லினக்ஸ் கணிப்பொறியையும் விண்டோஸ் கணிப்பொறியையும் இன்று உறவாட வைக்கிறது.

தோழர்களே, இனி இணைப்பு அறுந்தால் பொத்தானை ஓங்கி அழுத்தாதீர்கள். எண்ணைத் தாளில் குறியுங்கள். எந்தப் படியில் நிற்கிறோம் என்று கேளுங்கள். நள்ளிரவில் ஒரு தம்பியோ தங்கையோ உங்களை அழைத்தால், நீங்களும் முதலில் கேட்க வேண்டியது அதுவே: “என்ன எண் காட்டுகிறது?”