கப்பல் சீட்டில் தொடங்கிய கலகம்

எங்கள் வண்ணார்பேட்டையை அடுத்துத் தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. கும்பினியாரின் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராகப் பணியாற்றிய அப்பெரியவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்த அப்பாலம் 1843இல் திறக்கப்பட்டது. வரி வாங்கியது கும்பினி. பாலத்துக்குப் பணம் கொடுத்தவர் அதன் ஊழியர்! இவ்வளவு பணிவுள்ள ஊர், அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அரசாங்கக் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. இடையில் நேர்ந்தது என்ன?

மாணவ நண்பர்களே, அமெரிக்கர் எழுச்சியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத பார்லிமெண்டு தங்கள்மீது வரி விதிப்பதோ என்று சினந்த குடியேற்ற நாட்டினர், 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். அது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை. அவர்கள் ஆங்கிலேயரின் இரத்த உறவினர். நாமோ ஆளப்பட்ட அயலினம். ஆயினும் இரண்டிடத்தும் சினம் பிறந்த இடம் ஒன்றே: வாணிகத்தில் ஒரு சாராருக்கே அரசு காட்டிய பரிவு.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் தொழில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. பிறகு வெள்ளையர் இலவசமாகவே ஏற்றிச் சென்றனர் என்றும், குடையொன்றும் கொடுத்தனர் என்றும் கூறுவர். குடை கிடக்கட்டும், அதிகாரிகள் எந்தக் கம்பெனியின் பக்கம் நின்றார்கள் என்பதைக் கடற்கரையில் சுமை தூக்கியவனும் கண்டுகொண்டான். அரசு வேறு, அந்நிய வாணிகம் வேறு என்னும் மயக்கம் அங்கேதான் தீர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார ஓய்வும் கிடைத்தன. இந்த வெற்றியை அரசு பொறுக்கவில்லை. மார்ச்சு 12ஆம் நாள் இருவரும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர்.

மறுநாள் கடைகள் மூடப்பட்டன. மாணவரும் கடைத்தெரு மக்களும் திரண்டனர். நகரசபை அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் தாக்குண்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பின்னர்த் தண்டக் காவற்படை ஒன்றை ஊரில் நிறுத்தி, அதன் செலவையும் ஊரார் தலையிலேயே சுமத்தினர்.

அமெரிக்கர் வென்றனர், நெல்லை அன்று ஏன் வெல்லவில்லை? அவர்களுக்குச் சொந்தச் சட்டசபைகள் இருந்தன, படை இருந்தது, பிற்பாடு பிரான்சின் உதவியும் வந்தது; அப்படியிருந்தும் 1775 முதல் 1783 வரை போர் நீண்டது. நெல்லை மக்களுக்கோ சினம் ஒன்றே இருந்தது. வழிநடத்த வேண்டியவர்கள் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார்கள். கட்டடத்தை எரிப்பது ஒரு பகல் வேலை. அதன் இடத்தில் தம் ஆட்சியை அமைக்கும் ஆற்றல் அந்தக் கூட்டத்துக்கு இல்லை. இதைச் சொல்வதால் மாண்டவர்களை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணலாகாது.

நீதிபதி பின்ஹே 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு நாடு கடத்தல் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றம் அதைக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த அவர் 1912 டிசம்பரில் விடுதலையானபோது சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. கப்பல் நடத்தியவர் சென்னையில் சிறு கடை நடத்திப் பிழைத்தார். 1936இல் தூத்துக்குடியில் அவர் கண்ணை மூடினார். நாடு விடுதலை பெற இன்னும் பதினோர் ஆண்டுகள் இருந்தன.